மந்திரியை எச்7-ல் கொடுக்கலாமா? லீசெஸ் புதிர்களோடு ஒன்றரை வருடம்

நான் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். கபடியும் வாலிபாலும்தான் என் வேலை. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த சமயம் பள்ளிகளில் செஸ் போட்டி வைத்தார்கள். எங்கள் பள்ளியில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. சின்ன வயதில் அப்பாவோடு ஆடிய ஆட்டம் என்பதால் சந்தோஷமாக எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து மாலையில் மைதானப் பயிற்சி முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஐந்தாறு போர்டு விரிப்போம். இருட்டும்வரை ஆட்டம்தான்.

அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு பாடம்: காயை வீணாக விடாதே. சிப்பாய்க்கு ஒன்று, குதிரைக்கும் மந்திரிக்கும் மூன்று, யானைக்கு ஐந்து, ராணிக்கு ஒன்பது. ரூக்கை யானை என்றும் பிஷப்பை மந்திரி என்றும் சொல்லித்தான் எங்கள் பக்கத்தில் பழக்கம். ஒரு சிப்பாய் கூடுதலாகக் கிடைத்தால் மற்ற காய்களை எல்லாம் மாற்றிக்கொண்டு, கடைசியில் அந்தச் சிப்பாயை ராணியாக்கி ஜெயிப்பேன். முப்பது வருடமாக அப்படித்தான் ஆடினேன். பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன்.

அப்புறம் ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியோடு ஆடினேன். எனக்குக் கறுப்பு, ஃபிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற தொடக்கமுறை. (கட்டங்களின் பெயர் இப்படி: இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்து, வெள்ளையின் பக்கத்தில் இருந்து மேலே 1 முதல் 8 வரை எண்.) அவள் சிப்பாயை இ5-க்குத் தள்ளி, எஃப்6-ல் நின்ற என் குதிரையை டி7-க்கு விரட்டினாள். நான் மந்திரியை பி4-க்குக் கொண்டுபோய்விட்டு காஸ்லிங் செய்தேன், அதாவது ஒரே மூவில் ராஜாவை ஓரத்துக்கு ஒதுக்கி யானையைப் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். டி3-ல் இருந்த மந்திரியை எடுத்து, எச்7-ல் இருந்த என் சிப்பாயை அடித்து செக் சொன்னாள்.

“ராஜா அடிச்சிடும்மா, பார்த்து ஆடு” என்றேன்.

“அடிங்க சார்” என்றாள்.

அடித்தேன். குதிரை ஜி5-க்கு வந்து செக். ராஜாவை ஜி8-க்கே திருப்பினேன். ராணி எச்5-க்கு வந்தது. அடுத்து எச்7-ல் மேட். ராஜாவுக்கு வழி வேண்டும் என்று யானையை இ8-க்கு ஒதுக்கினேன். ராணி எஃப்7 சிப்பாயை அடித்து செக், ராஜா எச்8. மறுபடி ராணி எச்5 செக், ராஜா ஜி8. ராணி எச்7 செக், ராஜா எஃப்8. ராணி எச்8 செக், ராஜா இ7. கடைசியாக ராணி ஜி7 சிப்பாயை அடித்தது. மேட். மொத்தம் பதினான்கு மூவ். என் ராஜா இ7-ல் நிற்கிறார். டி8-ல் என் ராணி, இ8-ல் என் யானை, டி7-ல் என் குதிரை, இ6-ல் என் சிப்பாய். என் ஆட்களே நாலு பக்கமும் அவருக்கு வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மேட் ஆன அந்த நொடியில்கூட காய்க்கணக்கில் நான் அவளுக்குப் பின்னால் இல்லை.

“இதை எங்கம்மா கத்துக்கிட்ட?” என்று கேட்டேன். “லீசெஸ்ல சார். ராஜா பக்கம் அட்டாக்னு தனியா புதிர் இருக்கு” என்றாள். அன்றிரவே என் போனில் லீசெஸ் ஏறியது. ஒன்றரை வருடம் ஆகிறது. அந்தப் புதிர்ப் பகுதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

லீசெஸ்ஸைத் தெரியாதவர்களுக்காக: 2010-ல் திபோ டுப்லெஸி என்ற பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்த இணையதளம். இப்போது லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பு நடத்துகிறது. ஆட்டம், புதிர், கம்ப்யூட்டர் அலசல் எல்லாமே இலவசம். விளம்பரம் கிடையாது. காசு கொடுத்தால்தான் திறக்கும் என்று எந்தப் பகுதியும் இல்லை. நன்கொடை கொடுப்பவர்களுக்குப் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிறகு வரும், அவ்வளவுதான். மாதக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எழுத்தில் சொல்ல முடியவில்லை. ஒரு வீட்டில் ஒரே போன்தான் இருக்கும், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். அந்தப் போனிலும் இது ஓடும். செயலியில் சில புதிர்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம், அதனால் சிக்னல் இல்லாத டவுன் பஸ்ஸிலும் போடலாம்.

புதிர்ப் பகுதிக்குள் போனால் வகை வகையாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ராஜா பக்கத் தாக்குதல் ஒரு வகை. காய் பலி ஒரு வகை. காவல் காக்கும் காயை இழுத்துவிடுவது, வழியில் நிற்கும் தன் காயையே விலக்குவது, குதிரை மட்டும் போடும் மூச்சுமுட்டு மேட், இரண்டு மந்திரிகள் சேர்ந்து போடும் மேட் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசல். எந்த வாசலில் நுழைந்தாலும் புதிர் தீராது, லட்சக்கணக்கில் இருக்கிறது. எல்லாமே அந்தத் தளத்தில் மனிதர்கள் ஆடிய நிஜ ஆட்டங்களில் இருந்து வந்தவை. ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜின், அதாவது செஸ் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் நிரல், சலித்து எடுத்தது. எனக்கு இதுதான் முதலில் பிடித்தது. என்னைப் போல யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து காஸ்லிங் செய்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார், அந்த நிம்மதி உடைந்த இடம் எனக்குப் புதிராக வருகிறது.

முதல் இரண்டு மாதம் ராஜா பக்கத் தாக்குதலை மட்டும் போட்டேன். தினமும் அரை மணி நேரம், சாப்பாட்டுக்குப் பிறகு. காயைக் கொடுக்கவே கை வராது. ராணியை எச்7-ல் கொடுத்தால் மேட் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் விரல் போய் ஒரு சிப்பாயைத்தான் தொடும். அப்பாவின் பாடம் அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது. கிட்டத்தட்ட நூறு புதிருக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. போர்டைப் பார்த்ததும் காயை எண்ணுவதை விட்டுவிட்டு, ராஜாவைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். எஃப்6-ல் குதிரை இருக்கிறதா? இல்லை என்றால் எச்7-க்கு யார் காவல்? ஜி சிப்பாய் நகர்ந்துவிட்டதா? நகர்ந்திருந்தால் எஃப்6-ம் எச்6-ம் ஓட்டை. மைதானத்தில் கபடி சொல்லிக்கொடுக்கும்போது நான் இதையேதான் சொல்வேன்: எதிரணியில் மொத்தம் ஏழு பேர் என்று பார்க்காதே, இந்த நொடியில் உன் பக்கத்தில் எத்தனை பேர் என்று பார். ராணி பக்கத்து மூலையில் தூங்கும் யானைக்கு ஐந்து மதிப்பு என்பது காகிதத்தில்தான். ராஜாவுக்கு நெருப்பு வைக்கும் அந்த நாலு மூவுக்குள் அது வந்து சேர முடியாது என்றால், அந்த நாலு மூவுக்கு அது போர்டிலேயே இல்லை.

இதைப் புரியவைத்ததற்கே லீசெஸ்ஸுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் இதோடு நிறுத்தினால் ஆபத்து. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேபிட் (குறைந்த நேர ஆட்டம்) போட்டி. மூன்றாவது சுற்றில் எனக்கு வெள்ளை. எதிரே ஒரு கல்லூரி மாணவர். என் மந்திரி டி3-ல், குதிரை எஃப்3-ல். அவருடைய எஃப்6 குதிரை போய்விட்டது. கண் முன்னால் எச்7. நூறு தடவை புதிரில் பார்த்த முகம். கை தானாகப் போய் மந்திரியை எடுத்து அடித்தது. ராஜா அடித்தது, குதிரை ஜி5 செக், ராஜா ஜி8, ராணி எச்5. எல்லாம் பாடம் மாதிரி. அவர் ஒரு நிமிடம் போர்டைப் பார்த்துவிட்டு, சி8-ல் இருந்த மந்திரியை நேராக எஃப்5-க்கு இறக்கினார். எச்7-க்குக் காவல் வந்துவிட்டது. முடிந்தது. ஒரு காய் குறைவாக முப்பது மூவ் ஆடித் தோற்றேன்.

வீட்டுக்கு வந்து அந்த ஆட்டத்தை லீசெஸ்ஸின் அனாலிசிஸ் போர்டில் போட்டேன். என் மந்திரி எச்7-ஐ அடித்த மூவில், யார் கை ஓங்கியிருக்கிறது என்று ஓரத்தில் காட்டும் வெள்ளைப் பட்டை சரசரவென்று கீழே இறங்கியது. மாணவியோடு தோற்ற ஆட்டத்தையும் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அதே மந்திரி, அதே எச்7. அங்கே பட்டை மேலே போகிறது, இங்கே கீழே போகிறது. வித்தியாசம் ஒரு சிப்பாயும் ஒரு குதிரையும்தான். ஃபிரெஞ்சு டிஃபென்ஸில் கறுப்பின் சிப்பாய் இ6-ல் நிற்கும், பின்னால் டி7-ல் குதிரையும் நிற்கும். சி8 மந்திரியால் எஃப்5-க்கு வரவே முடியாது. என் ஆட்டத்தில் இ6 காலி, டி7-ம் காலி. ராஜா பக்கத்தில் நான் எண்ணிய எண்ணிக்கை சரிதான். தூரத்தில் இருந்து ஒரே மூவில் வந்து சேரக்கூடிய ஆளை எண்ணவில்லை.

இங்கேதான் புதிரின் குறை தெரிகிறது. லீசெஸ் என்று இல்லை, எந்தப் புதிருக்கும் இருக்கும் குறை இது. புதிர் என்று திரையில் வந்த உடனேயே, இங்கே ஜெயிக்க ஒரு வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ராஜா பக்கத் தாக்குதல் என்ற வாசல் வழியாக நுழைந்தால், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. நிஜ ஆட்டத்தில் யாரும் வந்து தோளைத் தட்டி “இப்போது கொடு” என்று சொல்வதில்லை. எப்படிக் கொடுப்பது என்று புதிர் சொல்லித்தரும். எப்போது கொடுக்கக் கூடாது என்று சொல்லித்தராது.

ஆனால் அதைக் கற்றுக்கொள்ளும் வழியும் அதே பக்கத்திலேயே இருக்கிறது, பலர் பார்ப்பதில்லை. புதிரை முடித்ததும் அது எந்த ஆட்டத்தில் இருந்து வந்தது என்று ஓரத்தில் இணைப்பு கொடுத்திருப்பார்கள். அதைத் தொட்டால் முழு ஆட்டமும் திறக்கும். புதிர் தொடங்குவது எதிராளி தப்பு செய்த மூவில் இருந்துதான். அதற்கு முன்னால் ஐந்தாறு மூவ் பின்னால் போங்கள். பலி கொடுத்தவர் அந்த ஐந்து மூவில் என்ன செய்தார்? பெரும்பாலும் சத்தமே இல்லாத வேலைதான் செய்திருப்பார். சிப்பாயை இ5-க்குத் தள்ளி எஃப்6 குதிரையை விரட்டியிருப்பார். ஒரு யானையை மூன்றாவது வரிசைக்குத் தூக்கியிருப்பார். நடுவில் எதையும் திறக்காமல் பூட்டி வைத்திருப்பார். பலி என்பது அந்த வேலையின் கடைசி நாள். ஒரு புதிருக்கு இப்படிப் பத்து நிமிடம் செலவழித்தால், ஒருநாளைக்கு மூன்று புதிர்தான் முடியும். அந்த மூன்றும் போதும். நான் புதிர் ரேட்டிங்கைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

இன்னொன்று செய்கிறேன். புதிரின் நிலையை மரப் போர்டில் அடுக்கி, ஒரு காயை மட்டும் மாற்றி வைப்பேன். இ6 சிப்பாயை எடுத்துவிடுவேன், இல்லாவிட்டால் எஃப்8 யானைக்குப் பதில் அங்கே குதிரையை வைப்பேன். “இப்போ அடிக்கலாமா?” என்று பிள்ளைகளிடம் கேட்பேன். ஆளுக்கு ஒரு பதில் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். அப்புறம் அனாலிசிஸ் போர்டில் போட்டு என்ஜினைக் கேட்போம். உண்மையான பாடம் இந்தச் சண்டையில்தான் நடக்கிறது.

இன்னொரு எல்லையும் உண்டு. பதில் ஒன்றுதான், அது தெளிவாக மற்ற எல்லாவற்றையும் விட நல்லது என்ற நிலைகளைத்தான் என்ஜின் புதிராக எடுக்கும். அதனால் இங்கே வரும் பலி எல்லாம் கணக்கு முடிந்த பலி. கொடுத்தால் மேட், இல்லாவிட்டால் கொடுத்ததற்கு மேல் திரும்பக் கிடைக்கும். மிகயீல் தால் கொடுத்த பல பலிகள் அந்த மாதிரி இல்லை. ரீகாவில் 1936-ல் பிறந்து 23 வயதில் உலக சாம்பியன் ஆனவர் அவர். குதிரையைக் கொடுத்துவிட்டு, எதிராளியின் ராஜா இருபது மூவுக்கு நிம்மதியாக உட்கார முடியாது என்ற ஒரே நம்பிக்கையில் ஆடுவார். முடிவு வரை கணக்குப் போட்டுக் காட்ட முடியாத பலி அது. என்ஜின் சல்லடையில் அந்த வகை தங்காது. அதைப் படிக்க முழு ஆட்டங்களைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கும் அந்த மனிதருக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் 1972-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவேல் ஆரோன் தொடங்கிய செஸ் கிளப்புக்கு தால் பெயரைத்தான் வைத்தார்கள். ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகிய இடம் அது.

அதனால் லீசெஸ்ஸின் ஸ்டடி பகுதியில் நான் பிள்ளைகளுக்காகச் செய்த முதல் பாடம் ஆனந்தின் ஆட்டம்தான். ஸ்டடி என்றால் நாமே போடும் பாடநோட்டு மாதிரி. ஒன்றில் 64 அத்தியாயம் வரை சேர்க்கலாம், ஒவ்வொரு மூவுக்கும் தமிழில் குறிப்பு எழுதலாம், அடுத்த மூவை மறைத்து வைத்துப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். இதுவும் இலவசம்தான். 2013-ல் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ நகரில் கிராண்ட்மாஸ்டர் லெவோன் ஆரோனியனோடு ஆனந்த் கறுப்பில் ஆடிய ஆட்டம், 23 மூவில் முடிந்தது. முதலில் எச்7 சிப்பாயை அடித்தது வெள்ளைக் குதிரைதான். அது எஃப்8 யானையைப் பார்த்து நிற்கிறது. ஆனந்த் யானையை நகர்த்தவில்லை. ஒரு குதிரை ஏற்கனவே ஜி4-ல் நிற்க, 16-வது மூவில் இன்னொரு குதிரையைக் கொண்டுவந்து எஃப்4 சிப்பாயின் வாயில், இ5-ல் வைத்தார்.

அதை அடித்தால் என்ன ஆகும் என்று அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் ஆனது. மூன்றாவது நாள் அதே மாணவிதான் மைதானத்தில் ஓடிவந்து சொன்னாள். “சார், ராணி டி4-ல சிப்பாயை அடிச்சு செக். ராஜா எச்1 போகும். ராணி ஜி1!” ஜி1-ல் ராணியை ராஜாவால் அடிக்க முடியாது, சி5-ல் இருந்து மந்திரி பார்க்கிறது. யானைதான் அடிக்க வேண்டும். அடித்த உடனே ஜி4 குதிரை எஃப்2-க்கு வந்து மேட். வெள்ளை ராஜாவுக்கு அவருடைய யானையும் சிப்பாய்களுமே சுவர். அன்றைக்கு என் ராஜாவுக்கு நடந்ததும் இதுதானே என்று அவள் சிரித்தாள்.

ஆரோனியன் அந்த வலையில் விழவில்லை. ஜி4 குதிரையை அடித்தார், அப்புறம் எஃப்8 யானையையும் அடித்தார். ஆனந்த் அந்த வெள்ளைக் குதிரையைத் திருப்பி அடிக்கக்கூட இல்லை, அமைதியாக எஃப்5-க்குச் சிப்பாயைத் தள்ளினார். கடைசி மூவ் எனக்கு இன்னும் புல்லரிக்கும். எச்3 சிப்பாயை வெள்ளை ராணி டி3-ல் இருந்து பக்கவாட்டில் காத்துக்கொண்டிருக்கிறது. ஆனந்த் மந்திரியை இ3-ல், அந்தப் பார்வைக்கு நடுவில் வைத்தார். வெள்ளை மந்திரி அதை அடித்தாலும் வழி அடைந்தேதான் இருக்கும். கறுப்பு ராணி எச்3-ல் இறங்கும், பி7 மந்திரி கட்டிப்போட்ட ஜி2 சிப்பாயால் அதைத் தொட முடியாது. வெள்ளை ராணியே அடித்தால் ஜி4 குதிரை அந்த ராணியை எடுத்துவிடும். ஆரோனியன் அதோடு நிறுத்திக்கொண்டார்.

யாருக்கு இந்தப் புதிர்ப் பகுதியைச் சொல்வேன்? காயின் நடையும் மதிப்பும் தெரிந்து, காயை விடப் பயப்படுகிற எல்லோருக்கும். இப்போதுதான் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு உடனே பலி வகையைக் கொடுக்காதீர்கள். சும்மா கிடக்கும் காயைப் பார்த்து அடிக்கத் தெரிந்த பிறகு கொடுங்கள், இல்லாவிட்டால் எல்லா ஆட்டத்திலும் எச்7-ஐ அடித்துக்கொண்டிருப்பார்கள். கஷ்ட அளவைக் குறைக்கவும் கூட்டவும் வசதி இருக்கிறது. ஆரம்பத்தில் குறைத்தே வையுங்கள். முக்கியமாக, ஒரு புதிர் முடிந்ததும் தானாக அடுத்ததற்குத் தாவும் அமைப்பை அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் மூல ஆட்டத்தைத் திறந்து பார்க்கவே தோன்றாது.

போன வாரம் அந்த மாணவியோடு மறுபடி ஆடினேன். மறுபடியும் எனக்குக் கறுப்பு, மறுபடியும் ஃபிரெஞ்சு. அவள் மந்திரி டி3-க்கு வந்ததும் நான் காஸ்லிங் செய்யவில்லை. முதலில் சி5 தள்ளி நடுவைத் தொட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நீங்களும் ஆட்டத்தைத் திறந்து பார்க்க ஆரம்பிச்சிட்டீங்களா சார்?” என்றாள். ஐம்பது மூவ் போனது, டிரா. இருட்டிவிட்டதால் கடைசி பத்து மூவைப் போன் வெளிச்சத்தில்தான் ஆடினோம்.